சேர்விஸ் சார்ஜ் யாருக்கு எவ்வளவு? வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பங்கீட்டுப் பிணக்கு: நிகழ்வு ஆய்வு

காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கமாக உள்ள 60 இருக்கைச் சாப்பாட்டுக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் இப்படியான கடைகளில் சேர்விஸ் சார்ஜ் காசை, அதாவது பில்லோடு சேர்த்து வாங்கி ஊழியருக்குப் பகிரும் சேவைக் கட்டணத்தைப் பிரிக்கும்போது வழமையாக எழும் பிணக்குகளை ஒன்றாகச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம் என்பதற்காக எண்கள் முழு எண்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லப்படும் ஆய்வுகள் மட்டும் உண்மையில் வெளிவந்தவை.

கடையில் 18 பேர் வேலை செய்கிறார்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர், சமையல்காரர் இருவர், ரொட்டி போட்டுக் கொத்தும் பாஸ்மார் இருவர், டீ மேக்கர் ஒருவர், குசினி உதவிக்கு மூவர், பீங்கான் கழுவ இருவர், வெயிட்டர்மார் ஆறு பேர், கேஷியர் ஒருவர். மேசை விற்பனை மாதம் 36 இலட்சம் ரூபா. பில்லின் அடியில் விழும் 10 சதவீதச் சார்ஜ் 360,000 ரூபா. பார்சலும் ஊபர் ஈட்ஸ், பிக்மி ஓடர்களும் சேர்ந்து இன்னும் 24 இலட்சத்துக்குப் போகின்றன. அதற்குச் சார்ஜ் கிடையாது. இந்த 24 இலட்சம்தான் பின்னால் பெரிய தலையிடியாக வரும்.

தலைக்குத் தலை சமன்

முதலில் இருந்த முறை மிக எளிது. 360,000 ஐ 18 ஆல் பிரித்தால் ஆளுக்கு 20,000 ரூபா. விளக்கம் தேவையில்லை, பிழை விடவும் முடியாது. சின்னக் கடைகளில் இந்த முறை நெடுநாள் தாங்குவதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் ஒரே வேலையைக் கூடிச் செய்கிறோம் என்ற எண்ணம் இருக்கும் வரை மனிதர் சமனாகப் பிரிப்பதை இயல்பாகவே ஏற்கிறார்கள். 2011இல் நேச்சர் சஞ்சிகையில் ஹமானும் தொமசெல்லோவும் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகள் சேர்ந்து இழுத்துப் பெற்ற பொருட்களைப் பெரும்பாலும் சமனாகப் பகிர்ந்தார்கள். வேலை செய்யாமலே கிடைத்தபோது அந்த அளவுக்குப் பகிரவில்லை.

இந்த முறை உடைந்தது ஆள் வேலைக்கு வரும் நாட்கணக்கில்தான். வெயிட்டர் ஒருவர் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊருக்குப் போய், அந்த மாதம் 14 நாள் மட்டும் வேலை செய்தார். அவருக்கும் 20,000. அவர் இல்லாத நாட்களில் அவருடைய மேசைகளையும் சேர்த்துப் பார்த்த இருவருக்கும் அதே 20,000. ஒருவர் எவ்வளவு கவனமாகப் பரிமாறுகிறார் என்பதைப் பற்றி இருவர் வாதாடலாம். ஆள் வந்தாரா இல்லையா என்பதில் வாதமில்லை. எல்லோர் கண்ணிலும் படுகிற அந்த வித்தியாசத்தைப் பங்கீடு கண்டுகொள்ளாமல் விட்டதும் சமன் என்பது அநியாயமாகத் தோன்றத் தொடங்கியது.

பதவிக்கு ஏற்ற பொயின்ட்

அடுத்து வந்தது பெரிய ஹோட்டல்களில் இருந்து எடுத்த பொயின்ட் முறை. தலைமைச் சமையல்காரருக்கு 4, சமையல்காரர்களுக்கு 2.5, பாஸ்மாருக்கு 2, டீ மேக்கர், வெயிட்டர், கேஷியர் ஆகியோருக்கு 1.5, உதவியாளருக்கும் பீங்கான் கழுவுவோருக்கும் 1. கூட்டினால் 30 பொயின்ட். ஒரு பொயின்ட் 12,000 ரூபா. தலைமைச் சமையல்காரர் 48,000க்கு ஏறினார். பீங்கான் கழுவுவோர் 20,000இலிருந்து 12,000க்கு இறங்கினார்கள்.

கழுவுவோரில் ஒருவர் கேட்டதை அப்படியே தருவது நல்லது: "முதலாளி, போன மாசமும் இதே பீங்கான், இதே தொட்டி. நான் என்ன குறைச்சுச் செஞ்சேன்?"

இந்தக் கேள்விக்குக் கடையில் யாரிடமும் பதில் இருக்கவில்லை. அவருடைய உழைப்பில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது பிரிக்கும் விதி மட்டும். கானமன், நெட்ஷ், தேலர் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியபடி, மக்கள் நியாயத்தை வெறும் தொகையை வைத்து அளப்பதில்லை. முன்பு கிடைத்து வந்த தொகையை ஓர் உரிமையாகக் கொண்டு, அதிலிருந்து இறக்குவதைத் தனியான அநியாயமாகக் கருதுகிறார்கள். 12,000இல் தொடங்கிய ஒருவருக்கு 12,000 பரவாயில்லை என்று படலாம். 20,000 வாங்கியவருக்கு அது தண்டனை.

பதவிப் பொயின்டில் இன்னொரு ஓட்டையும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. தலைமைச் சமையல்காரரின் திறமைக்கு அடிப்படைச் சம்பளத்தில் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. அதே திறமைக்குச் சார்ஜிலும் நான்கு மடங்கு கொடுத்தால் ஒரே காரணத்துக்கு இருமுறை கொடுப்பதாகும். முதலாளிமார் இதைச் செய்வதற்குக் காரணம் வெளிப்படையானது. அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டினால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் அவர்கள் கையிலிருந்து போகும். பொயின்டைக் கூட்டினால் அவர்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. மற்ற ஊழியரின் பங்குதான் குறையும். மனேஜருக்கும் ஐந்து பொயின்ட் போட்டுக்கொள்ளும் கடைகளில் இந்தப் பிணக்கு இன்னும் விரைவாகப் பழுக்கும். பிரிப்பவரே பங்கும் எடுத்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

அவரவர் பில்லுக்கு அவரவர் பங்கு

பொயின்ட் முறையில் மனம் முறிந்த வெயிட்டர்மார் தங்களுடைய 108,000 ரூபாவையாவது அவரவர் போட்ட பில்லின்படி பிரிக்கச் சொன்னார்கள். 36 இலட்சத்தில் 108,000 என்றால் 3 சதவீதம். "நான் ஓடி ஓடி எடுத்த பில், அண்ணே. காசும் எனக்குத்தானே வரவேணும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

தன் உழைப்பால் வந்த காசு என்ற எண்ணம் எவ்வளவு பலமானது என்பதற்கு 2002இல் செரி, ஃபிரைக்ப்ளொம், ஷோக்ரன் ஆகியோர் செய்த பரிசோதனை நல்ல சான்று. சும்மா கொடுத்த காசை இன்னொருவருடன் பகிரச் சொன்னபோது பெரும்பாலானோர் ஏதோ ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். கேள்விகளுக்கு விடை எழுதி அந்தக் காசைச் சம்பாதிக்க வைத்த பிறகு பெரும்பாலானோர் ஒன்றுமே கொடுக்கவில்லை. யார் எவ்வளவு கொடுத்தார் என்று நடத்துபவருக்கே தெரியாதபடி மறைத்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முழுவதையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். வெயிட்டரின் கையால்தான் பில் மேசைக்குப் போகிறது. ஆகவே அது தன் சம்பாத்தியம் என்று அவர் உணர்வதில் வியப்பில்லை, கொத்து போட்டவர் குசினியில் நின்றாலும்.

ஆனால் பில்லில் உழைப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? காலையில் முன் மேசையில் இடியப்பமும் டீயும் எடுப்பவரின் பில் 450 ரூபா. வெயிட்டருக்கு 13 ரூபா 50 சதம். இரவு ஏசி அறையில் குடும்பமாக வருபவர்களின் பில் 6,000, வெயிட்டருக்கு 180. காலை மேசை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், ஒவ்வொரு முறையும் துடைக்கவேண்டும், சட்னி ஊற்றவேண்டும். மாதக் கடைசியில் ஏசி அறைக்காரரின் பில் 10 இலட்சம், பங்கு 30,000. காலை முன் மேசைக்காரரின் பில் 3 இலட்சம், பங்கு 9,000. நடந்த தூரத்தை அளந்தால் இரண்டாமவர்தான் கூட நடந்திருப்பார்.

நோர்வேயில் கப்பெலன் குழுவினர் 2007இல் வெளியிட்ட பரிசோதனையின் அமைப்பும் இதுவேதான். பங்கேற்றவர்கள் எவ்வளவு முதலிடுவது என்பது அவரவர் தெரிவு. அந்த முதல் இரண்டு மடங்காகுமா நான்கு மடங்காகுமா என்பது குலுக்கல். பிறகு இருவரின் வருமானத்தையும் சேர்த்துப் பிரிக்கவேண்டும். அவர்களுடைய மதிப்பீட்டில் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் எப்படியானாலும் சமன் என்றார்கள். 38 சதவீதத்தினர் தெரிவால் வந்த வித்தியாசத்தை ஏற்று, குலுக்கலால் வந்ததைச் சமப்படுத்தினார்கள். 18 சதவீதத்தினர் மட்டுமே அவரவர் வருமானம் அவரவருக்கு என்றார்கள். ஒரே கடையில் இந்த மூன்று வகையினரும் நிற்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்தால், ஒருவரையொருவர் பேராசைக்காரர் என்று திட்டுவது ஏன் என்பது விளங்கும். ஒவ்வொருவரும் தாம் நியாயம் பேசுவதாகவே நம்புகிறார்கள்.

பில் முறை ஒரு மாதத்துக்குள் வேலையையும் கெடுத்தது. டீ மட்டும் குடிக்க வருபவரை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து மேசையில் காலிக் கோப்பை கிடந்தாலும் எடுக்க ஆளில்லை. இரவு சிப்டுக்குச் சண்டை. ஏசி அறை யாருக்கு என்பதை முதலாளி தீர்மானித்ததால், அவருக்கு வேண்டியவர் யார் என்ற கதையும் கிளம்பியது.

ஆளுக்கொரு கணக்கு

முறையை மாற்றுவதற்கு முன் ஒரு சிறு வேலை செய்ய வேண்டும். எட்டு வகை வேலைக்காரரிடமும் தனித்தனியாக, "கடையின் வேலையில் உங்கள் பகுதி செய்வது நூற்றுக்கு எவ்வளவு?" என்று துண்டில் எழுதி வாங்கிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை நூறைத் தாண்டும் என்று எதிர்பார்க்கலாம். ரொஸ், சிக்கோலி இருவரும் 1979இல் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகள் பற்றி இப்படித்தான் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டியபோது பெரும்பாலும் நூறுக்கு மேல் வந்தது. பொய் சொன்னதாக எண்ண வேண்டாம். தன் கை செய்த வேலை முழுவதும் தனக்கு நினைவிருக்கிறது. மற்றவரின் வேலையில் தான் பார்த்த பகுதி மட்டுமே நினைவிருக்கிறது.

அதே ஆண்டில் மெசிக், சென்டிஸ் இருவரும் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஏழு மணிநேர வேலைக்கு ஒருவருக்கு 25 டொலர் கொடுக்கப்பட்டது. பத்து மணிநேரம் செய்தவருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்? பத்து மணிநேரம் செய்தவர் வேறொருவர் என்றபோது சராசரி விடை 30 டொலருக்குச் சற்று மேல். அவர் தானே என்றபோது 35 டொலருக்குச் சற்று மேல். விகிதப்படி கணக்கிட்டால் 35.71. அதாவது, தனக்குக் கூட உழைப்பு இருக்கும்போது மனிதர் விகிதக் கணக்கைப் பிடிக்கிறார்கள். மற்றவருக்கு இருக்கும்போது சமன் பக்கம் சாய்கிறார்கள். வெயிட்டர் பில் கணக்குக் கேட்பதும், கழுவுபவர் தலைக்கணக்குக் கேட்பதும் இதனால்தான்.

இதற்கு எதிர்மருந்து எது என்பதற்கு நல்ல சான்று நம் அயலிலிருந்தே வருகிறது. பிரேசா, கவுர், சம்தாசானி ஆகியோர் ஒடிசாவில் தொழிலாளர்களை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே குழுவில் சிலருக்குக் கூடவும் சிலருக்குக் குறையவும் கூலி கொடுக்கப்பட்டது. சக தொழிலாளியின் உற்பத்தியைக் கண்ணால் பார்க்க முடியாத வேலைகளில் இந்த வித்தியாசத்தால் உற்பத்தி விழுந்தது. வேலைக்கு வரும் வீதம் 18 சதவீதப் புள்ளி குறைந்தது. யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த வேலைகளில் அப்படிப்பட்ட பாதிப்புத் தென்படவில்லை. கடைக்கு இதைப் பொருத்தினால்: கூடக் கொடுப்பது பிரச்சினை இல்லை, எதற்குக் கூடக் கொடுக்கிறோமோ அந்த உழைப்பு மற்றவர் கண்ணில் படவேண்டும். கண்ணில் படாததற்குக் கொடுத்தால், உண்மையான உழைப்புக்கே கொடுத்திருந்தாலும், அது சலுகையாகத்தான் தெரியும்.

மாற்றிய முறை

360,000 ரூபாவை இரண்டாகப் பிரிக்கவேண்டும்: 60 சதவீதம் வேலை மணிநேரத்துக்கு, 40 சதவீதம் வேலையின் கடினத்துக்கு.

மணிநேரப் பகுதி 216,000 ரூபா. ஓவர்டைமும் லீவும் கணக்கிட்ட பிறகு 18 பேரின் மொத்த நேரம் 3,600 மணி என்றால், மணிக்கு 60 ரூபா. இங்கே பதவி வித்தியாசமே கிடையாது. 208 மணி நின்றவர் யாராயினும் 12,480 ரூபா.

கடினப் பகுதி 144,000 ரூபா. புள்ளி 1க்கும் 2க்கும் இடையில், கால் கால் புள்ளியாக மட்டும். 2க்கு மேல் விடக்கூடாது. அதற்கு மேற்பட்ட திறமைக்குச் சம்பளம் இருக்கிறது. புள்ளியை யார் தீர்மானிப்பது என்பதில்தான் முறையின் உயிர் இருக்கிறது. கொனோ 2000இல் வெளியிட்ட பரிசோதனையில், தபாலில் அனுப்பக் கடிதங்களைத் தயார் செய்தவர்களின் கூலியைப் பங்கில்லாத மூன்றாமவர் பிரித்தபோது உழைப்பை ஒட்டியே பிரித்தார்கள். பங்குள்ளவரே பிரித்தபோது தம் பக்கம் சாய்ந்தார்கள். கடையில் பங்கில்லாதவர் என்று முதலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. அதனால் எட்டு வகையினரும் தங்கள் வேலையைத் தவிர்த்து மற்ற ஏழுக்கும் புள்ளி எழுதட்டும், வகைக்கு ஒரு துண்டு. வெயிட்டர்மார் ஆறு பேர் என்பதற்காக ஆறு துண்டு கொடுத்தால் அவர்கள் சொன்னதுதான் சட்டமாகும். ஒவ்வொரு வேலைக்கும் ஏழு எண்கள் வரும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நான்காவதை எடுக்கவேண்டும். சராசரி எடுத்தால், ஒருவரை வீழ்த்துவதற்கென்று 1 போடும் ஒரு துண்டே எண்ணை இழுத்துவிடும். நடு எண் அவ்வளவு எளிதில் அசையாது.

நம் மாதிரியில் முடிவு இப்படி வருவதாக வைப்போம்: தலைமைச் சமையல்காரர் 2, சமையல்காரர் 1.75, பாஸ்மார் 1.5, டீ மேக்கர், வெயிட்டர், கேஷியர், பீங்கான் கழுவுவோர் ஆகியோர் 1.25, உதவியாளர் 1. கழுவுபவர் உதவியாளரை விட மேலே வந்ததற்குக் காரணம், சவர்க்காரத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்க மற்ற எவரும் தயாரில்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். மொத்தம் 24 புள்ளி, புள்ளிக்கு 6,000. 20 நாளுக்குக் குறைவாக வந்தவருக்குப் புள்ளியில் பாதி. 208 மணி நின்ற கழுவுபவருக்கு 12,480 உடன் 7,500 சேர்ந்து 19,980. 14 நாள், 112 மணி வந்த வெயிட்டருக்கு ஏறத்தாழ 10,500.

வெயிட்டர்மாருக்கு பில் கணக்கு இல்லை. மேசைப் பகுதியும் சிப்டும் வாரத்துக்கு ஒருமுறை சுழலும்; அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகவே ஒட்டவேண்டும். ஆடிவேல் ஊர்வலம் பம்பலப்பிட்டிப் பக்கம் வரும் நாட்கள், தீபாவளிக்கு முந்திய இரவுகள் போன்ற நேரங்களில் ஒரு மணியை ஒன்றரை மணியாக எண்ணலாம். எந்த நாட்கள் என்பதை முன்கூட்டியே அறிவிக்காவிட்டால், முடிந்த பிறகு ஆளாளுக்குத் தான் நின்ற நாளே கடுமையான நாள் என்று வாதாடுவார்கள்.

இனி அந்த 24 இலட்சம். குசினிக்காரரின் குறை உண்மையானது: 60 இலட்சத்துக்குச் சமைக்கிறார்கள், 36 இலட்சத்துக்குத்தான் பங்கு வருகிறது. இதை 360,000க்குள் தீர்க்க முயன்றால் வெயிட்டர்மாரிடமிருந்து பிடுங்குவதாகும். சரியான வழி, பார்சல் ஓடர் ஒன்றுக்கு 20 ரூபாவை முதலாளி தன் விற்பனையிலிருந்து ஒதுக்குவது. சராசரி ஓடர் 1,200 ரூபா என்றால் மாதம் 2,000 ஓடர், 40,000 ரூபா. டீ மேக்கரைத் தவிர்த்துக் குசினியில் எட்டுப் பேருக்கும் கழுவும் இருவருக்கும் சேர்த்து 2,000 மணி; மணிக்கு 20 ரூபா. பார்சலில் பீங்கான் இல்லை என்று கழுவுவோரை விட்டுவிடக்கூடாது. சட்டியும் தாச்சியும் அவர்களிடம்தான் போகின்றன. அன்றன்றைய ஓடர் எண்ணிக்கையைக் குசினி வாசலில் எழுதி வைத்தால், இந்த மேலதிகம் எங்கிருந்து வருகிறது என்பது வெயிட்டருக்கும் தெரியும்.

தலைமைச் சமையல்காரர் 48,000இலிருந்து 28,640க்கு இறங்குகிறார். கழுவுபவருக்கு நேர்ந்த அதே காயம் இப்போது அவருக்கு. அப்படியே விட்டால் இரண்டு மாதத்தில் வேறு கடைக்குப் போய்விடுவார். அடிப்படைச் சம்பளத்தில் 20,000 கூட்டவேண்டும். முதலாளிக்குச் செலவு 23,000. சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு கழிந்து அவர் கைக்கு 18,400. அவருடைய சேமலாபக் கணக்கில் மாதம் 4,000 கூடச் சேரும். சமையல்காரர் இருவருக்கும் கிட்டத்தட்ட 2,900 ரூபா குறைகிறது. ஆறு மாதத்துக்கு அதை நிலையான கொடுப்பனவாகக் கொடுத்தால் போதும். எல்லாம் சேர்த்து முதலாளிக்கு மாதம் 69,000 ரூபாவுக்குள், மொத்த விற்பனையில் 1.2 சதவீதத்துக்குள் அடங்கும். ஒரு சதமும் போடாமல் நியாயம் வேண்டும் என்று கேட்கும் முதலாளிக்கு இந்த முறை உதவாது.

தாளில் என்ன இருக்கவேண்டும்

மாதம் 5ஆம் திகதிக்குள் ஒரு தாள் சுவரில் ஒட்டப்படவேண்டும்: பில் மெசினின் மாத அறிக்கையில் உள்ள சார்ஜ் தொகை, மொத்த மணி, மணிக்கு எவ்வளவு, புள்ளிக்கு எவ்வளவு, ஒவ்வொருவரின் மணியும் தொகையும். பெயருக்கு எதிரே தொகையை மட்டும் போட்டு மணியை மறைப்பதுதான் மிக மோசம். வித்தியாசம் கண்ணில் படும், காரணம் படாது. உடைந்த பீங்கானின் காசைப் பொதுத் தொகையிலிருந்து கழிக்கும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். 90 ரூபாக் கோப்பை ஒன்றுக்காக 18 பேருக்கும் ஐந்து ஐந்து ரூபா வெட்டினால், கிடைப்பதை விடக் கூடப் போவது கணக்கின் மீதுள்ள நம்பிக்கை.

எங்கே கோணும்

மணிநேரத்துக்குக் காசு என்றதும் மணிநேரம் வளரும். வேலை முடிந்தும் கார்ட் அடிக்காமல் போனில் இருப்பது, நண்பனின் கார்டையும் சேர்த்து அடிப்பது இரண்டும் வரும். இங்கே ஒரு நன்மை உண்டு: ஒருவர் திருடும் மணி முதலாளியின் காசு இல்லை, மற்ற 17 பேரின் காசு. தாளில் மணி வெளியாக இருந்தால் சக ஊழியரே கேட்பார்கள். ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். சிப்ட் பொறுப்பாளர் இரவு பூட்டும்போது நேரத்தைப் பார்த்துக் கையொப்பமிடவேண்டும்.

இன்னொரு கோணல் இதைவிட ஆழமானது. கடைக்கு மேல்மாடியில் தங்கியிருக்கும் ஹற்றன், மட்டக்களப்புப் பொடியன்கள் எத்தனை மணியும் நிற்கலாம். பாணந்துறையிலிருந்து ரயிலில் வருபவர் இரவு ரயிலைப் பிடிக்க ஓடவேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை உள்ள தாய்க்கு மாலைச் சிப்ட் முடியாது. அவர்களுக்கு மணி குறைவது உழைக்க மனமில்லாததால் இல்லை. கப்பெலன் குழுவின் பரிசோதனையில் குலுக்கல் செய்த வேலையை இங்கே வீடு இருக்கும் இடம் செய்கிறது. இதற்கு ஓரளவுத் தீர்வு, கணக்கில் எடுக்கும் மணிக்கு மாதம் 240 என்று உச்சவரம்பு வைப்பது. அதற்கு மேல் நின்ற நேரத்துக்கு ஓவர்டைம் கூலி முதலாளியிடமிருந்து வழமைபோல் வரவேண்டும். சார்ஜ் காசில் அதற்குப் பங்கில்லை. வரம்பை 208இல் வைத்தால் ஆள் குறைந்த நாட்களில் யாரும் கூட நிற்கமாட்டார்கள், 260இல் வைத்தால் மேல்மாடிக்காரர் மட்டும் எட்டுவார்கள். முதல் மூன்று மாதத் தாள்களை அருகருகே வைத்து, 230 மணிக்கு மேல் போனவர்களில் எத்தனை பேர் கடையிலேயே தங்குபவர்கள் என்று எண்ணிப் பார்த்து, அதன்படி வரம்பைத் திருத்தவேண்டும்.